ஆச்சியைக் கேட்டு எடுத்த முடிவா?

தீவகத்தில் ஒரு நோயாளிக்கு என்ன வைத்தியம் செய்வது என்பதை நெடுங்காலமாகக் கடல்தான் தீர்மானித்து வந்தது. காற்று எப்படி, படகு உண்டா, துறையில் இறங்கிய பின் வாகனம் கிடைக்குமா என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகுதான் வைத்தியரின் முறை வரும். சோளகம் எழும்பிய நாட்களில் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வருவது சுகதேகிக்கே சோதனை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு அது இன்னொரு வருத்தம்.

கடலுக்குப் பிறகு போர் தீர்மானித்தது. போருக்குப் பிறகு, பாலமும் வண்டியும் மருந்தும் ஓரளவு வந்து சேர்ந்த இந்தக் காலத்தில், தீர்மானிக்கும் இடத்தில் வேறொன்று சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. “அவருக்குக் கொஞ்சம் மறதி” என்ற ஒரு சொல். மாரடைப்போடோ பாரிசவாதத்தோடோ வரும் முதியவரைப் பற்றி இந்தச் சொல் சொல்லப்பட்டவுடன் பேச்சு அவரை விட்டு விலகிப் பக்கத்தில் நிற்பவரிடம் போய்விடுகிறது. செய்யக்கூடிய வைத்தியத்தின் அளவும் அதோடு சேர்ந்து குறைந்துவிடலாம். இதைப் பற்றித் தீவகம் இப்போதே பேச வேண்டும் என்பது என் எண்ணம். மூப்பு இங்கே மற்ற இடங்களை விட முந்திக்கொண்டு வந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்து மேலைத்தேய வைத்தியத்தின் கதை 1820இல் பண்டத்தரிப்புக்கு வந்த ஜோன் ஸ்கடரிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் இந்த விடயத்துக்கு நெருக்கமானவர் 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் இருந்துகொண்டு அவர் செய்த பெரிய காரியம் வைத்தியசாலை அமைத்தது மட்டுமன்று. வைத்தியத்தைத் தமிழில் படிப்பிக்கத் துணிந்ததுதான். அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் என்று நூல்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தமிழில் வந்தன. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து வைத்தியரானார்கள். கிராமத்தில் போய் இருந்து வைத்தியம் பார்ப்பவன் கிராமத்தாரின் மொழியிலேயே நோயை நினைக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மெல்ல மெல்ல வைத்தியக் கல்வி ஆங்கிலத்துக்குத் திரும்பியது. அதனால் கிடைத்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனாலும் நோயாளிக்கு விளங்கும் சொல்லில் நோயைச் சொல்வது வைத்தியத்தின் ஒரு பகுதி என்ற எண்ணம் இந்த மண்ணில் ஒருமுறை எவ்வளவு பலமாக இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அரசாங்க அதிபர் டைக் முன்னின்று 1850இல் தொடங்கிய ஆதுலர்சாலைதான் இன்றைய யாழ் போதனா வைத்தியசாலை. பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் 1978இல் வந்தது. இவையெல்லாம் குடாநாட்டில் நடந்தவை. தீவுகளில் இருந்தது பரம்பரை வைத்தியரும் அவர் வீட்டு ஏடுகளும். பாரிசவாதம் வந்தவரை எண்ணெயும் கசாயமும் வைத்து மாதக்கணக்கில் பார்ப்பார்கள். அந்த வைத்தியம் இரத்தக் கட்டியைக் கரைக்கவில்லை. ஆனால் நோயாளி தன் வீட்டுத் திண்ணையில், தன்னைப் பிள்ளைப் பருவத்திலிருந்து அறிந்தவரின் முன்னால் இருந்தார். என்ன செய்யப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

போர்க்காலத்தை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தீவார் யாருக்கும் அது புதிதல்ல. 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்த கொலைகளுக்குப் பிறகு வைத்தியசாலைக்குப் போகும் கடல்வழியே பயத்தின் வழியாயிற்று. 1990 ஓகஸ்டில் தொடங்கிய படை நடவடிக்கையோடு ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுச் சனங்கள் பெருந்தொகையாக எழும்பிப் போனார்கள். ஏ9 பாதை மூடிக் கிடந்த ஆண்டுகளில் இருதய வைத்தியத்துக்குக் கொழும்பு போவது என்பதே ஒரு பெரும் பிரயத்தனம். அந்தக் காலத்தில் “இவருக்கு இனி என்ன செய்கிறது” என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு விடைதான் இருந்தது. அது யாருடைய விருப்பமும் அல்ல, நிலைமை. ஒன்றும் செய்ய முடியாத நாட்களில் பழகிய அந்த விடை, செய்ய முடிந்த நாட்களிலும் நம் வாயில் தங்கிவிட்டதோ என்று எனக்குக் கவலை உண்டு.

இப்போது நிலைமை வேறு. 2018 ஜூலை 21இல் 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் நோயாளர் காவு வண்டிச் சேவை வடமாகாணத்துக்கு வந்தது. ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் சிறிய வைத்தியசாலைகள் இருக்கின்றன. கடும் வருத்தக்காரரைக் கடற்படைப் படகில் ஏற்றிக் கொண்டுவருவதும் நடக்கிறது. இருதயக் குழாய் அடைப்பைப் பார்த்து ஸ்டென்ட் வைக்கும் வைத்தியம் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கிறது.

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை தாண்டிப் பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் சேர இன்னும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். மூளையில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அது இரத்தக்கசிவு அல்ல என்று உறுதி செய்ய வேண்டும். காலையில் வாய் கோணியதை உடனே கண்டுபிடித்து, படகும் தயாராக நின்றால் நேரம் காணும். இரவில் வழமையான படகு இல்லை. மூளையில் பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒரு நிமிடத்தில் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள். இந்த நெருக்கத்தில் யாரும் ஆறுதலாக இருந்து யோசிக்க முடியாது. அதனாலேயே முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும்.

மறதி என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் பல நிலைகள் இருக்கின்றன. அறளை பெயர்ந்தவர் என்று நாம் சொல்லும் முற்றிய நிலை ஒன்று. அதற்கும் வயதின் இயல்பான தடுமாற்றத்துக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. நேற்றுச் சொன்னது நிற்காது, பெயர்கள் நாக்கின் நுனியில் நின்றுவிடும். ஆனால் சமைப்பார், ஆட்டைக் கட்டுவார், காசை எண்ணுவார், கோயிலுக்குத் தனியே போய் வருவார். இதை இலேசான அறிவாற்றல் குறைவு என்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ நிலையத்தைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சனும் கூட இருந்தவர்களும் 1999இல் இதைத் தனி நிலையாக வரையறுத்தார்கள். அமெரிக்க நரம்பியல் கழகம் 2018இல் தொகுத்த கணக்குப்படி 60 முதல் 64 வயது வரையானவர்களில் நூற்றுக்கு 6.7 பேருக்கும், 80 முதல் 84 வயது வரையானவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கும் இது இருக்கிறது. இப்படியுள்ள 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் இரண்டு ஆண்டுக்குள் மறதிநோய் என்ற முற்றிய நிலைக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு 15 பேரளவில்தான். சிலருக்கு மறதி குறைந்து பழைய நிலை திரும்புவதும் உண்டு.

அதாவது, இந்த நிலையில் இருப்பவருக்கு முன்னால் பல ஆண்டுகள் இருக்கலாம். தானே எழுந்து தானே குளித்து வாழும் ஆண்டுகள். அவருக்கு மாரடைப்பு வந்தால் அந்த ஆண்டுகளைக் காப்பாற்றுவது மற்ற எவருக்கும் போலவே பெறுமதியானது.

நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெபோரா லெவின் தலைமையில் பல ஆண்டுகளாக நடந்த ஆய்வுகள் இதைக் காட்டின. இலேசான மறதி உள்ள முதியவர்களுக்கு, மறதி இல்லாத அதே வயதினரை விட, மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் பரிந்துரைக்கப்பட்ட வைத்தியங்கள் குறைவாகவே கிடைக்கின்றன. அங்கே கடலும் இல்லை, படகும் இல்லை, பக்கத்திலேயே வைத்தியசாலை. அப்படியிருந்தும் குறைந்தது. நோயாளி வேண்டாம் என்று சொல்லி நிறுத்தியதாக மட்டும் இதை விளக்கிவிட முடியாது. “இவர் எப்படியும் மறதிநோய்க்குப் போய்விடுவார், இவ்வளவு செய்து என்ன” என்ற, வாய்விட்டுச் சொல்லாத ஊகமும் வைத்தியரின் மனதில் வேலை செய்கிறது. கொடுமையானவர்களின் ஊகமல்ல இது. களைத்துப் போன நல்ல வைத்தியர்களுக்கும் வரும்.

அமெரிக்காவில் இப்படியென்றால் தீவகத்தில் இந்த ஊகத்துக்கு எத்தனை துணை! தூரம் ஒரு துணை. “இந்த வயதில் கடல் தாண்டிக் கொண்டுபோய் அலைக்கழிக்க வேணுமோ” என்ற இரக்கம் இன்னொரு துணை. மொழியும் சேர்ந்துகொள்ளும். நம் வைத்தியசாலைகளில் பணியாற்ற வரும் சிங்கள வைத்தியர்கள் பலர் மனதோடு உழைக்கிறார்கள். ஆனால் அரைகுறைத் தமிழில் கேட்ட கேள்விக்குப் பயந்து போன கிழவி சொன்ன அரைகுறைப் பதில், மறதியின் அடையாளமாக எழுதப்பட்டுவிடக் கூடும். காது மந்தமும் கண்ணில் பூவும் இதே வேலையைச் செய்யும்.

சோதனைத் தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகெங்கும் பயன்படும் மொக்கா என்ற சோதனை 2005இல் வந்தது. 30 புள்ளி. மணிக்கூடு வரையச் சொல்வார்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள், படத்தில் உள்ள மிருகத்தின் பெயரைக் கேட்பார்கள். முதல் வடிவத்தில் சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, அறுபது வருடம் கடலையும் ஆட்டையும் வடலியையும் பார்த்து வாழ்ந்த ஒரு பெண் காண்டாமிருகத்தை எங்கே கண்டார்? நெடுந்தீவுக் குதிரைகளைக் காட்டிக் கேட்டால் எது எந்த வெளியில் மேயும் என்பது வரை சொல்லக் கூடியவர் அவர். படிப்புக் குறைந்தவருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பார்கள் என்பது உண்மை. ஒரு புள்ளி போதாது. புள்ளி குறைந்தது என்பதற்கும் தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்க முடியாது என்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. முதலாவதை வைத்து இரண்டாவதை முடிவு செய்வதுதான் நடக்கும் பிழை.

ஒருவரால் முடிவெடுக்க முடியுமா என்று அறிய எளிய வழி ஒன்று வைத்தியர்களிடமே உண்டு. சொல்ல வேண்டியதைச் சிறு துண்டுகளாகச் சொல்லிவிட்டு, திருப்பிக் கேட்பது. “ஆச்சி, நான் இப்ப சொன்னதை உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ.” அவர், “நெஞ்சுக்குப் போற குழாய் அடைச்சுப் போச்சு, கையால ஒரு கம்பி விட்டுப் பாக்கப் போறியள், அதில இரத்தம் போற பயமும் இருக்கு, செய்யாட்டில் திருப்பியும் வரும்” என்று சொன்னால் அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? அடுத்த நாள் அவர் அந்தப் பேச்சையே மறந்திருக்கலாம். கேட்ட நேரத்தில் விளங்கி, தான் எதை மதிக்கிறார் என்பதைக் கொண்டு விடை சொன்னாரா என்பதுதான் கணக்கு. மறுநாளும் கேளுங்கள். அதே விடை வந்தால் அது அவருடைய முடிவேதான்.

மருந்து விடயத்தில் வைத்தியரின் தயக்கத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையல்ல. இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்ற நிலையை எடுத்துக்கொள்வோம். இதனால் பாரிசவாதம் வரும் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. வார்பரின் குளிசை அந்த ஆபத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும். ஆனால் வார்பரின் கவனமான மருந்து. ஒரு நாள் மறந்து இரண்டு முறை போட்டால் இரத்தம் கசியலாம். பல நாள் மறந்தால் கட்டி உருவாகலாம். இடைக்கிடை இரத்தம் சோதிக்க வேண்டும். நயினாதீவிலோ எழுவைதீவிலோ அனலைதீவிலோ தனியே இருக்கும், மறதி உள்ள ஒருவருக்கு அதை எழுதிக் கொடுக்க எந்த வைத்தியருக்கும் கை தயங்கும். தயக்கம் நியாயமானது. அந்தத் தயக்கம் எழுதாமல் விடுவதில் முடிவதுதான் நியாயமில்லாதது. நாள்வாரியாகத் தட்டுகள் உள்ள குளிசைப் பெட்டி ஒன்று, பின்னேரம் விளக்கு வைக்கும் நேரத்தில் எட்டிப் பார்க்கும் அயல் வீட்டுப் பிள்ளை ஒன்று, மாதம் ஒரு முறை தீவுக்கே வந்து இரத்தம் எடுக்கும் ஏற்பாடு ஒன்று. மறதிக்குத் தீர்வு இவைதான். இவற்றைத் தேடாமல் மருந்தை மட்டும் நிறுத்தினால், வரக்கூடிய பாரிசவாதம் மிஞ்சியிருக்கும் நினைவையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இதயமும் மூளையும் ஒரே குழாய்களின் இரு முனைகள் என்பதை நம் வீடுகள் இன்னும் உள்வாங்கவில்லை. 2019இல் வெளியான ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வில் பிரஷரின் மேல் அளவை 140க்குக் கீழே வைத்திருந்தவர்களை விட 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களிடம் இலேசான அறிவாற்றல் குறைவு நூற்றுக்கு 19 வீதம் குறைவாக வந்தது. பிரஷர் குளிசை போடுவது நெஞ்சுக்காக மட்டுமல்ல, பேரப்பிள்ளையின் பெயர் நினைவில் நிற்பதற்காகவும்தான்.

அடுத்தது பிள்ளைகள். போரும் வெளிநாட்டுப் பயணமும் தீவகக் குடும்பங்களை ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் கொண்டுபோயின. 2012 குடிசனக் கணக்கிலேயே நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் நூற்றுக்கு 12.4 பேர். இளையவர்கள் வெளியேறிய தீவுகளில் அந்த மூப்பின் பாரம் இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. வைத்தியசாலைக் கட்டிலின் பக்கத்தில் நிற்கும் பெறாமகளின் கைத்தொலைபேசியில் இப்போது மூன்று நாடுகள் ஒரே நேரத்தில் பேசுகின்றன. மூத்தவர் எல்லாம் செய்யச் சொல்லுவார். கடைசி மகள் அம்மாவை வருத்த வேண்டாம் என்று அழுவார். இருவரும் தாயை நேசிப்பவர்கள்தான். இருவருக்கும் தாய் இருபது வருடத்துக்கு முந்திய தாய். இந்தச் சத்தத்தின் நடுவில் கண்விழித்துப் படுத்திருப்பவரிடம் தொலைபேசி கடைசியாகத்தான் போகிறது, அதுவும் “அம்மா, பயப்பிடாதைங்கோ” என்று சொல்வதற்காக. அவரிடம் கேட்பதற்காக அல்ல.

கேட்டால் அவர் வேண்டாம் என்றும் சொல்லக் கூடும். அதையும் ஏற்க நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். கட்டி கரைக்கும் ஊசியின் பலனை நிறுவிய 1995 ஆய்விலேயே, ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் மூளையில் இரத்தம் கசிந்தது; மற்றப் பக்கத்தில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மூன்று மாதத்தில் பாதிப்பில்லாமல் எழும்பியவர்களோ ஊசி போட்டவர்களில்தான் அதிகம். இந்த இரண்டையும் கேட்டுவிட்டு ஒரு பெரியவர், தன் வீட்டை விட்டு வர மாட்டேன், அம்மாளாச்சி விட்ட வழி என்று சொன்னால் அதை மறதியின் பேச்சாக எடுக்கக் கூடாது. எழுபது வருடமாக அவர் இப்படித்தான் முடிவெடுத்திருப்பார். விளங்காமல் சொல்லும் மறுப்பையும் விளங்கிச் சொல்லும் மறுப்பையும் பிரித்தறிய அவரோடு பேசியிருக்க வேண்டும். பேசாமல் செய்யும் வைத்தியமும் பேசாமல் விடும் வைத்தியமும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005ஆம் ஆண்டின் மனத்தகைமைச் சட்டம் இதை வரிசைப்படுத்திச் சொல்கிறது. முடியாது என்று நிறுவும் வரை ஒருவரால் முடிவெடுக்க முடியும் என்றே கொள்ள வேண்டும். அவருக்கு விளங்க வைக்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டும். முடிவு மற்றவர்களுக்குப் புத்தியில்லாததாகத் தோன்றுவது மட்டும் அவரிடமிருந்து உரிமையைப் பறிக்கக் காரணமாகாது. இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மேல் வைத்தது. நல்லது. ஆனால் சோறு கொடுப்பதோடு கடமை முடிகிறதா, கருத்துக் கேட்பதும் அதில் அடங்குமா என்று நாம் கேட்கத் தொடங்க வேண்டும்.

சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கிளினிக் நாள் உண்டு. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்து எடுக்க வெள்ளனவே வந்து வாங்கில் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த முதியவர்கள்தான். அந்தக் காத்திருப்பில் தாதி ஒருவர், வருடத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம் ஒதுக்கிச் சில கேள்விகளைக் கேட்கலாம். திடீரென்று நெஞ்சுக்குள் வந்தால் யாழ்ப்பாணம் கொண்டுபோக விருப்பமா? கொண்டுபோனால் எதுவரை செய்யலாம்? பிறகு பேச்சும் நடையும் இல்லாமல் இருக்க நேர்ந்தால் எது தாங்கக் கூடியது, எது தாங்க முடியாதது? உங்களுக்காகப் பேச யாரை நம்புகிறீர்கள், உள்ளூரில் இருப்பவரையா, வெளியில் இருப்பவரையா? பெரியவரின் சொல்லிலேயே விடையை எழுத வேண்டும், திருத்தாமல். எழுதியதை அவருக்கு உரத்து வாசித்துக் காட்ட வேண்டும். அடுத்த வருடம் மனம் மாறினால் வெட்டிவிட்டு எழுதலாம்.

இதைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்திலேயே, மருந்து ஒவ்வாமை எழுதும் இடத்துக்குக் கீழே எழுதுவது நல்லது. படகில் ஏற்றும்போது அந்தக் கொப்பியை மறக்காமல் கையில் எடுப்பவர்கள் நம் சனங்கள். ஊர் முதியோர் சங்கங்கள் மாதக் கூட்டத்தில் ஒருமுறை இதற்கு நேரம் ஒதுக்கினால் தாதியின் வேலை பாதியாகும். புங்குடுதீவு, வேலணை, அனலைதீவு என்று ஊருக்கொரு சங்கம் வைத்து வெளிநாட்டிலிருந்து கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுக்கிறவர்கள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது தாயின் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போகலாம். தாய்க்கு மறதி தொடங்கியிருந்தால் அதற்காகப் பிந்த வேண்டாம். அவரால் இன்னும் சொல்ல முடிகிற இந்த வருடமே அதற்கு ஏற்ற வருடம்.